திரும்புதல்: எல்லையில் ஒரு சொல்லின் கதை

சாம்பல் புதன் அன்று மாலை பீடத்தின் ஓரத்தில் ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. அதில் ஒரு கைப்பிடிக்கும் குறைவான சாம்பல். போன ஆண்டு குருத்து ஞாயிறன்று கையில் பிடித்து ஊர்வலம் போன ஓலைகளைச் சிலுவையாக முடைந்து, வீட்டில் படங்களுக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். காய்ந்து பழுப்பேறிய அந்த ஓலைகளைத் திரும்பக் கோவிலுக்குக் கொண்டுவந்து எரித்துத்தான் சாம்பல் எடுப்பது. சென்ற ஆண்டு ஓசன்னா பாடிய ஓலை இந்த ஆண்டு நெற்றியில் கரியாக வந்து உட்காருகிறது. பழைய கத்தோலிக்கர்கள் இந்த நாளை விபூதிப் புதன் என்றே சொல்வார்கள். திருநீறு பூசும் நாட்டில் வேறு எந்தச் சொல் வந்திருக்கும்?

வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் வரிசையில் நின்றால் காதில் ஒரே மொழி விழாது. வடக்கே கொஞ்ச தூரம் போனால் கோலார் மாவட்டம், கன்னடம். கிழக்கே குப்பம், தெலுங்கு. கர்நாடகத்திலிருந்து இறங்கி வரும் மார்க்கண்டேய நதிக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், சம்பந்தி வீட்டில் கன்னடம் என்று வாழும் குடும்பங்கள் இங்கே சாதாரணம். எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டியின் தோளில் துணிப்பை. பையின் வாயில் ஒரு பித்தளைச் சொம்பின் விளிம்பு தெரிந்தது. அவருக்கு முன்னால், ஓசூர்க் கம்பெனிச் சட்டையோடு, ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்த ஒரு பையன். பாட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தது தெலுங்கு. சாமியார் நெற்றியில் சாம்பல் தொட்டுச் சொன்னது தமிழ்.

இந்தக் கட்டுரை அந்த இடைவெளியில் பிறந்தது. கடவுள் முன் ஒருவர் தன்னைத் தாழ்த்திக்கொள்வதையும், செய்த தவறிலிருந்து திரும்புவதையும் கிறிஸ்தவம் தன் முதல் அழைப்பாகவே வைத்திருக்கிறது. யோவான் ஸ்நானகன் வனாந்தரத்தில் சொன்ன முதல் வார்த்தை அது. கலிலேயாவில் இயேசு சொன்னதும் அதுவே. அந்த ஒரு வார்த்தையை இந்த முக்கூட்டு எல்லையின் மூன்று மொழிகளும் மூன்று விதமாகப் பிடித்திருக்கின்றன.

தெலுங்கு வேதாகமத்தில் அது ‘மாருமனஸ்ஸு’. மாறிய மனம், வேறொரு மனம். பழைய கன்னட வேதாகமம் ‘திருகிகொள்ளு’ என்ற வினையைக் கடவுள் இருக்கும் பக்கத்தைச் சுட்டிச் சொல்கிறது. கன்னடப் பிரசங்கங்களில் ‘பஸ்சாத்தாப’வும் உண்டு, அது பின்னால் வரும் வெப்பம், பிற்பாடு எரிவது. தமிழ்ச் சீர்திருத்த சபையாருக்கு அது ‘மனந்திரும்புதல்’. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘மனம் மாறுதல்’ என்று எழுதியது. தெலுங்கு மனதைப் பார்க்கிறது, கன்னடம் திசையைப் பார்க்கிறது. பழைய தமிழ்ச் சொல் இரண்டையும் ஒரே மூச்சில் கட்டிவிட்டது.

இது எல்லைக்காரனின் பெருமை பேசுவதல்ல. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் மெட்டனோயா. அதற்குள் இருப்பது மனம், அறிவு, அதன் மாற்றம். ஆனால் அதற்குப் பின்னால் எபிரேய இறைவாக்கினர்கள் காலம் முழுக்கப் பயன்படுத்திய ஒரு வினை இருக்கிறது: ஷூவ். வழி தவறிப் போனவன் வந்த வழியே திரும்புவது. கால்களுக்கான சொல் அது. நாடுகடத்தப்பட்டவர்கள் ஊர் திரும்புவதற்கும், மக்கள் கடவுளிடம் திரும்புவதற்கும் எபிரேயத்தில் அதே வினைதான். கிரேக்கத்தின் மனமும் எபிரேயத்தின் காலும் ‘மனந்திரும்பு’ என்ற கூட்டில் சேர்ந்துவிட்டன. ‘மனம் மாறு’ என்பது இன்றைய தமிழுக்கு எளிதுதான்; ஆனால் கட்சி மாறுபவனும் மனம் மாறுகிறான். திரும்புவதற்கு விட்டுவந்த இடம் ஒன்று வேண்டும். அந்த இடம் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

லத்தீன் கதை இதைவிடச் சிக்கலானது. பல நூற்றாண்டுகள் மேற்குத் திருச்சபை படித்த லத்தீன் விவிலியத்தில் அந்த அழைப்பு ‘தவம் செய்யுங்கள்’ என்ற பொருள்படவே இருந்தது. 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், விவரமறிந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. தவம் ஒரு கடமையாக, கணக்காக, பிறகு சிலர் கையில் விற்பனைச் சரக்காகவும் ஆனது. 1516-இல் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு, அந்தச் சொல்லுக்கு மனம் தெளிவது என்ற பொருளைக் குறிப்பில் எடுத்துக்காட்டினார். மறு ஆண்டே விட்டன்பர்கில் மார்ட்டின் லூத்தர் வைத்த 95 கூற்றுகளில் முதலாவது இதைப் பற்றித்தான்: கிறிஸ்து கேட்டது ஒரு நாள் சடங்கை இல்லை, விசுவாசியின் வாழ்நாள் முழுவதையும். ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்த ஒரு சண்டை இந்த ஒற்றை வினையின் பொருளில் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

தமிழுக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது, மறு ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. இவை பலருக்கும் தெரியும். 1580-இல் அதே கொச்சியில் வந்த மூன்றாவது நூல் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெயர் ‘கொம்பெசியொனாயரு’. பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று சொல்லும் கையேடு. ஆக்கியவர் முத்துக்குளித்துறையில் பணிசெய்த போர்ச்சுக்கீசிய இயேசு சபைத் துறவி அன்றீக்கு அன்றீக்கஸ். தமிழ் எழுத்துகளில் அச்சான முதல் சில நூல்களில் ஒன்று, மனிதன் தன் தவற்றை எந்த வார்த்தைகளில் சொல்வது என்பதைப் பற்றியது.

அன்றீக்கஸுக்கு இது வெறும் அச்சு வேலையாக இருந்திருக்காது. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கடற்கரைக்கு வந்தபோது துபாஷிகளை வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது. செபங்களைக் கற்பிக்கத் துபாஷி போதும். ஆனால் ஒரு பெண் தன் கணவனைப் பற்றியும், ஒரு முத்துக்குளிப்பவர் தான் ஒளித்துவைத்த முத்தைப் பற்றியும் சொல்லும்போது நடுவில் மூன்றாம் ஆள் இருந்தால் வாய் திறக்குமா? அன்றீக்கஸ் தமிழ் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். தமிழைக் கற்ற முதல் ஐரோப்பியர்களில் ஒருவர் என்று அவரைப் பாராட்டுகிறோம். அந்தக் கற்றலைத் தள்ளிய அவசரங்களில் ஒன்று, ஒருவர் மெதுவாகச் சொல்வதை இன்னொருவர் நேரடியாகக் கேட்க வேண்டும் என்பது.

இன்றைய கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இந்தச் சிக்கலை மறக்கவில்லை. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 990-ஆம் விதி, மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் ஒருவர் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்கிறது. 983-ஆம் விதி அந்த மொழிபெயர்ப்பாளரையும் இரகசியத்தால் கட்டுகிறது. எங்கோ உரோமையில் எழுதப்பட்டது என்றாலும் வேப்பனப்பள்ளிக்காகவே எழுதியது போலிருக்கிறது. ஆனாலும் அந்த விதியைப் பயன்படுத்தி ஒரு துபாஷியைக் கூட்டிக்கொண்டு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போகும் ஆளை நான் பார்த்ததில்லை. தெரிந்த மொழியில் முடிந்ததைச் சொல்கிறார்கள், முடியாததை அழுகிறார்கள்.

இந்தப் பகுதியின் கிறிஸ்தவம் தமிழ் பேசிய மதுரை மறைப்பணி வழியாக மட்டும் வந்ததல்ல. 1640-களின் இறுதியில் இத்தாலிய இயேசு சபைத் துறவி லியனார்தோ சின்னமி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய மைசூர் மறைப்பணி கன்னடத்தில் பேசியது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அரசியலிலும் அந்தப் பக்கமே நீண்ட காலம் சாய்ந்திருந்தன. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார், அதோடு கிருஷ்ணகிரியும் கைமாறியது. ஓசூர் 1799 வரை திப்புவிடமே இருந்தது.

1799 என்பது இங்கே முக்கியமான ஆண்டு. 1784-இல் மங்களூர்க் கடற்கரையிலிருந்து கத்தோலிக்கர்கள் கூட்டங்கூட்டமாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சிறைகொண்டு போகப்பட்டிருந்தார்கள். அவர்களில் பலர் வற்புறுத்தி மதம் மாற்றப்பட்டவர்கள். (திப்புவைப் பற்றிய நெடிய வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை, அது வேறு நீதிமன்றம்.) திப்பு விழுந்த பிறகு, சிதறிக் கிடந்த அந்தச் சமூகத்தைத் திரும்பக் கட்டியெழுப்ப அழைக்கப்பட்டவர் பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா. இந்திய உடை, சைவச் சாப்பாடு என்று வாழ்ந்தவர். இந்துக்களின் வழக்கங்களைப் பற்றிய அவருடைய கையெழுத்துப் பிரதியைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அந்த நூலுக்காகவே அவரை நினைக்கிறோம். ஆனால் அவருக்கு முன் வந்து நின்ற கேள்வி இன்னும் பழையது: உயிருக்குப் பயந்து விலகிப்போனவன் திரும்பி வந்து வாசலில் நின்றால் என்ன செய்வது?

அந்தக் கேள்விக்கு 250-ஆம் ஆண்டையொட்டி ஒருமுறை விடை தேடினார்கள். உரோமைப் பேரரசன் தேசியஸ், குடிகள் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். எகிப்தின் மணலில் அந்தச் சான்றிதழ்கள் சில பாப்பிரஸ் தாளில் இன்றும் கிடைத்திருக்கின்றன. சில கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே லஞ்சம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிவைத்தார்கள். தாலுகா ஆபீசைத் தெரிந்த நமக்கு இது புரியாத விஷயமில்லை. துன்பம் ஓய்ந்ததும் அவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். உரோமையில் நொவாசியன், அவர்களைச் சபை ஒருபோதும் சேர்க்கக் கூடாது என்றார். கார்த்தேஜின் ஆயர் சிப்ரியன் 251-இல் சங்கம் கூட்டி, ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியே கேட்டு முடிவெடுக்கும் வழியைப் பிடித்தார். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களுக்குக் கதவு விசாரணைக்குப் பின் திறந்தது. பலியிட்டவர்களுக்கு நீண்ட தவம், சாகும் தறுவாயில் சமாதானம்.

சிப்ரியனின் நிலையில் ஒரு முள் இருந்தது. அந்தத் துன்பக் காலத்தில் அவர் தலைமறைவாக இருந்தவர். ஓடி ஒளிந்த ஆயர், விழுந்த விசுவாசியை எப்படித் தீர்ப்பிடுவது? அவரைக் குத்திக்காட்டியவர்கள் உண்டு. 258-இல் அவரே வாளுக்குத் தலைகொடுத்தார் என்பது பிறகு நடந்தது. 251-இல் அது யாருக்கும் தெரியாது. தாழ்மை யாருக்கு வேண்டும் என்று அந்த ஆண்டைப் பார்த்தால் தெரியும். வாசலில் நிற்பவனுக்கு அது சூழ்நிலையே கொடுத்துவிடுகிறது. உள்ளே உட்கார்ந்து கதவைத் திறப்பவன்தான் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கிருஷ்ணகிரிக்கு இன்னொரு கதையும் உண்டு. அது லூத்தரன் சபையாரின் கதை. ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் பணிசெய்த இருவர், தியடோர் நேத்தரும் பிரான்ஸ் மோனும், வேதாகமத்தின் ஏவுதல் பற்றிய கருத்து வேறுபாட்டால் அங்கிருந்து விலகினார்கள். 1894-இல் அமெரிக்காவின் மிசௌரி சினாடு அவர்களை ஏற்றுத் தன் மிஷனரிகளாக அனுப்பியது. 1895-இல் நேத்தர் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கினார். மறு ஆண்டு மோன் ஆம்பூரில். இன்று இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று அறியப்படும் சபையின் தொடக்கம் அதுதான். நாகர்கோவில் வரை பரவிய ஒரு சபை நம் மாவட்டத்தலைநகரில் தொடங்கியது என்பது கிருஷ்ணகிரியிலேயே பலருக்குத் தெரியாது. 1896-இல் பம்பாயில் தொடங்கி, 1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் இந்தப் பக்கமும் இறங்கியது. 1904-இல் நேத்தர் அந்த நோயில்தான் இறந்தார். கொள்கைப் பிடிவாதத்துக்காக ஒரு மிஷனை உதறியவர், கொள்ளைநோய் வந்தபோது ஊரை உதறாமல் இருந்தார் என்பது அவரைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம்.

வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களில் இத்தகைய சபைகளுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். இங்கேதான் தாழ்மை என்ற சொல் சிக்குகிறது. ஊரில் தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நின்றவர்களிடம் போய், கடவுள் முன் உன்னைத் தாழ்த்து என்றால் அதற்கு என்ன பொருள்? தமிழில் இந்தச் சிக்கல் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. ‘ஆள்’ என்ற வேரிலிருந்து ஆண்டவரும் வருகிறார், ஆண்டையும் வருகிறார். ‘தாழ்’ என்ற வேரிலிருந்து தாழ்மையும் வருகிறது, தாழ்த்தப்பட்டோரும் வருகிறார்கள். சைவ அடியார்கள் இறைவன் முன் தங்களை நாயேன் என்று சொல்லிக்கொண்ட மொழி, கிறிஸ்தவ செபங்களுக்கும் சொத்தாக வந்தது. அந்த மொழியைத் தானாக எடுத்து வைத்துக்கொண்டவனுக்கு அது பக்தி. பண்ணையில் அடித்துப் பேசவைக்கப்பட்டவனுக்கு அது தழும்பு.

இந்த இரண்டையும் குழப்பும் பிரசங்கங்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அடங்கிப் போ, பொறுத்துக்கொள், மேலே இருப்பவரை மதி என்று சொல்லிவிட்டு அதற்குத் தாழ்மை என்று பெயர் வைத்துவிடுவார்கள். லூத்தரன் மரபே இதற்கு எதிராக ஒன்று சொல்ல முடியும்: கடவுள் முன் மண்டியிட்டவனுக்கு இன்னொரு மனிதன் முன் மண்டியிட வேண்டிய கடன் தீர்ந்துவிட்டது. ஆண்டவர் முன் எல்லாத் தலைகளும் ஒரே உயரத்துக்கு வருகின்றன என்றால், அந்த உயரம் எழுந்து நின்ற பிறகும் அப்படியே இருக்க வேண்டும். இருந்ததா?

இல்லை. 1833-இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி உடனடியாக, முழுமையாகக் கைவிடப்பட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் பெருங்கவி வேதநாயகம் சாஸ்திரியாரே வில்சனின் பக்கம் நிற்கவில்லை. விலகியவர்களில் பலரைப் பிறகு லைப்சிக் மிஷன் சேர்த்துக்கொண்டது. சாதியை மெதுவாகக் கரையவிடலாம் என்பது அதன் தலைவர் கார்ல் கிரவுலின் நிலை. கரைந்ததா என்று கல்லறைத் தோட்டங்களின் மதில்களைக் கேட்கலாம். 2008 மார்ச் 9-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் எறையூரில் ஒரே கத்தோலிக்கப் பங்கின் இரண்டு சாதியாருக்கிடையே மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள்.

தனி மனிதன் மனந்திரும்புவதற்கு நம்மிடம் பயிற்சி உண்டு. தொட்டி உண்டு, செபம் உண்டு, தவக்காலம் உண்டு. ஒரு சமூகம் மனந்திரும்புவதற்கு அப்படி ஒன்றும் இல்லை. 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனித பேதுரு பேராலயத்தில் திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். 2003 நவம்பரில் தம்மைச் சந்திக்க வந்த தமிழக ஆயர்களிடம், சாதிப் பாகுபாடு கிறிஸ்தவ ஒற்றுமைக்கு எதிரானது என்று நேராகவே சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள்ளேயே பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது முதல் படிதான். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுப்பதற்கு எதிராகத் திருச்சபைகள் ஆண்டுதோறும் போராடுகின்றன, நியாயமான போராட்டம். அரசாங்கத்தின் கதவைத் தட்டும் அதே கை, தன் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்கிறது. இரண்டாவது கதவில் சத்தம் குறைவாகவே கேட்கிறது.

பழைய இறையியல், பாவத்திலிருந்து திரும்புவதை மூன்று பகுதியாகப் பார்த்தது. நெஞ்சில் வருத்தம்; வாயால் அறிக்கை; கையால் பரிகாரம். 1551-இல் திரெந்து பொதுச்சங்கம் இதை உறுதிசெய்தது. தமிழ்க் கத்தோலிக்கர் முதலாவதை மனஸ்தாபம் என்பார்கள், இரண்டாவதைச் சங்கீர்த்தனம், மூன்றாவதைப் பரிகாரம். சீர்திருத்தவாதிகள் மூன்றாவதைச் சந்தேகித்தார்கள். மனிதன் எதைச் செய்து கடவுளுக்கு ஈடுகட்ட முடியும் என்று கேட்டார்கள். சரியான கேள்வி. ஆனால் கடவுளுக்கு ஈடுகட்ட முடியாது என்ற உண்மை, பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஈடுகட்ட வேண்டியதில்லை என்ற வசதியாக நழுவிவிட்டது. நம் சபைகளில், எந்தச் சபையானாலும், இந்த நழுவல் நடந்திருக்கிறது.

லூக்கா நற்செய்தியில் அடுத்தடுத்த அதிகாரங்களில் இரண்டு ஆயக்காரர்கள் வருகிறார்கள். 18-இல் வருபவன் கோவிலின் ஓரத்தில் நின்று, கண்ணை ஏறெடுக்காமல், மார்பில் அடித்துக்கொள்கிறான். 19-இல் வருபவன் சகேயு, எரிகோவின் ஆயக்காரர் தலைவன். குட்டையானவன், மரத்தில் ஏறியவன். தமிழ்ப் பிரசங்க மேடைக்கு முதல் ஆயக்காரன் செல்லப்பிள்ளை. அவன் பெயரில் எத்தனை எழுப்புதல் கூட்டங்கள், எத்தனை கண்ணீர். இரண்டாமவனை ஞாயிறு பள்ளிக் குழந்தைகளுக்கு விட்டுவிட்டோம். மரம் ஏறும் கதை என்பதால்.

ஓசூர் எல்லையில் வாழ்பவனுக்கு இந்தக் கதை வேறு மாதிரி கேட்கும். ஆயத்துறை என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் இருந்தன. லாரிகள் வரிசையாக நிற்கும், பில் புத்தகத்துக்குள் நோட்டு போகும். எரிகோவும் அப்படி ஓர் எல்லை ஊர்தான். சகேயு மார்பில் அடித்துக்கொண்டதாக லூக்கா சொல்லவில்லை. அவன் கணக்கைத் திறந்தான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாக வாங்கியது எதுவோ அதற்கு நாலத்தனை.

அந்த நாலத்தனையை அவன் எங்கிருந்து எடுத்தான் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. லேவியராகமம் 6-ஆம் அதிகாரமும் எண்ணாகமம் 5-ஆம் அதிகாரமும், பிறன் பொருளை ஏமாற்றி எடுத்ததைத் தானே அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் திருப்பித்தர வேண்டும் என்கின்றன. யாத்திராகமம் 22, திருடி விற்ற அல்லது கொன்ற ஆட்டுக்கு நாலத்தனை என்கிறது; பிடிபட்ட திருடனுக்கான தண்டனை அது. ஒரு லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தானாக ஒப்புக்கொண்ட சகேயுவுக்குச் சட்டப்படி ஒரு லட்சத்து இருபதாயிரம் போதும். அவன் நாலு லட்சம் என்றான். யாரும் பிடிக்காமலே தன்னைப் பிடிபட்ட திருடனின் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். தாழ்மை என்ற சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான இடம் விவிலியத்தில் வேறு உண்டா என்று தெரியவில்லை. அதில் ஒரு பெருமூச்சுகூட இல்லை, பெருக்கல் மட்டும் இருக்கிறது.

லேவியராகமத்தின் இன்னொரு நுட்பம் வரிசை. முதலும் ஐந்தில் ஒன்றும் இழந்தவன் கைக்குப் போன பிறகே பலிபீடத்துக்கு ஆட்டுக்கடா வருகிறது. மலைப்பிரசங்கத்தில் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுச் சகோதரனிடம் போகச் சொல்வதும் அதே வரிசைதான். கடவுளிடம் போகும் பாதை பக்கத்து வீட்டு வாசல் வழியாக வளைந்து போகிறது.

இதை நம் பகுதியில் இறக்கிப் பார்த்தால் வசதியாக இருக்காது. மாங்காய் சீசனில் மண்டியில் எடைக்கல் ஏறும்போது கழிவு என்று சொல்லிப் பிடிக்கும் கிலோக்கள் யாருடையவை? ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்து, கணக்கில் கட்டாமல் போன வைப்புநிதி யாருடையது? கந்துவட்டியை 2003-இல் சட்டம் தடைசெய்தது. அதற்கு வெகு காலத்துக்கு முன்பே மோசேயின் சட்டம் ஏழையிடம் வட்டி வாங்கத் தடைபோட்டிருந்தது. வட்டிக்கு விடுகிறவரும் மண்டி வைத்திருப்பவரும் லேபர் சப்ளை செய்பவரும் தவக்காலத்தில் நாற்பது நாள் கறி தின்பதில்லை. உபவாச ஜெபத்தில் அழுகிறார்கள்; அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 18-ஆம் அதிகாரத்தில் உண்மையாகவே நிற்கிறார்கள். 19-க்குப் பக்கம் புரட்டுவதில்லை.

1905-இல் புனே பக்கத்தில் கேட்காவில், பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்தில் பெண்கள் இரவு பகலாக அழுது மனந்திரும்பிய எழுப்புதலைப் பற்றி இன்றும் பெந்தெகொஸ்தே சபைகளில் பேசுவார்கள். கண்ணீர் எப்போதும் கதையாக நிலைக்கிறது. கதை சொல்ல ஏற்றது அது. திருப்பிக் கொடுத்த பணத்தைப் பற்றி யாரும் சாட்சி சொல்வதில்லை. சொன்னால் எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டிவரும்.

அன்று சாம்பல் பூசி முடிந்து வெளியே வந்தபோது இருட்டியிருந்தது. கம்பெனிச் சட்டைப் பையன் பைக்கில் ஹெல்மெட்டை மாட்டினான். உள்பஞ்சில் சாம்பல் ஒட்டியிருக்கும். நானும் அந்தப் பாட்டியும் கிருஷ்ணகிரிப் பேருந்தில் ஏறினோம். அவருடைய ஊர் எனக்குத் தெரியும். இன்னும் மூன்று ஸ்டாப்பிங் இருந்தது. அதற்குள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உங்க ஊரு இன்னும் வரலையே பாட்டி?”

“தெரியுது சாமி. இங்க எறங்கணும்.” பையைத் தடவிக் காட்டினார். “இந்தச் சொம்பு எங்க ஓரகத்தி வூட்டுது. பாகம் பிரிச்சப்போ நானே எடுத்து வச்சிக்கினேன். பன்னெண்டு வருசமாவுது, பேச்சுவார்த்தை இல்ல.”

சொம்பின் வாய் ஒரு துணியால் கட்டியிருந்தது. உள்ளே என்ன என்று கேட்டேன்.

“ராகிதான். காலிச் சொம்ப எப்பிடிக் குடுக்கறது?”

கண்டக்டர் விசில் அடித்தார். பாட்டி சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கினார்.